நூற்றுப் பன்னிரண்டாம் பக்கம்

சுகுணா எழுதி அனுப்பிய கட்டுரையில் ஒரு மேற்கோள் பொய் என்று பல்கலைக்கழகத்திலிருந்து கடிதம் வந்தது. நான்கே வரி. 'நெசவாலையின் கடிகாரம்' என்ற நூலின் 112ஆம் பக்கத்தில் இருப்பதாக அவள் எடுத்துக்காட்டிய வாக்கியம் அந்த நூலில் எங்குமே இல்லை. இல்லாத ஒன்றைத் தானாக எழுதி ஆசிரியர் பெயரில் ஏற்றியது ஒழுங்கீனம். பதினைந்து நாட்களுக்குள் விளக்கம் தர வேண்டும். தவறினால் மூன்று ஆண்டுப் பதிவும் ரத்தாகும்.

டீ இடைவேளையில் கம்பெனி கேண்டீனில் உட்கார்ந்து அதைப் போனில் படித்தாள். மறுபடியும் படித்தாள். டம்ளரில் டீ ஆறிப்போனது.

சுகுணாவுக்கு முப்பத்தொன்பது வயது. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் பதினேழு வருடமாகச் செக்கிங் பிரிவில் இருக்கிறாள். இப்போதெல்லாம் முதல் செக்கிங்கைக் காமிராதான் செய்கிறது. நூல் பிசிறு, எண்ணெய்க் கறை, விட்டுப்போன தையல் எல்லாவற்றையும் அது பிடித்துவிடும். அது சரியென்று விட்ட பீஸ்களில் சரியில்லாததைக் கண்டுபிடிப்பதற்கு இன்னும் நான்கு பெண்களை வைத்திருந்தார்கள். அதில் சுகுணா ஒருத்தி.

அவள் படிக்கச் சேர்ந்ததற்கு ஒரு காரணம் இருந்தது. நான்கு வருடத்துக்கு முன்பு கட்டிங் மேஜையில் ஜோதிமணி என்பவளுக்கு இரண்டு விரல்கள் போய்விட்டன. அன்றைக்கு அவள் தொடர்ந்து பதினோராவது மணி நேரமாக நின்றுகொண்டிருந்தாள். விபத்துப் படிவத்தில் சாட்சிக் கையெழுத்துப் போடச் சொல்லி மேற்பார்வையாளர் நீட்டினார். சுகுணா பதற்றத்தில் படிக்காமலே போட்டுவிட்டாள். 'காரணம்: தொழிலாளியின் கவனக்குறைவு' என்று அதில் எழுதியிருந்தது பிறகுதான் தெரியவந்தது. அந்த ஒரு வார்த்தையால் ஜோதிமணி கேட்ட நஷ்டஈடு கிடைக்கவில்லை. அவள் ஊருக்கே திரும்பிப் போய்விட்டாள்.

அடுத்த ஆண்டு நொய்யல் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் தொழிலாளர் நலப் பட்டப்படிப்பில் சுகுணா சேர்ந்தாள். படித்து முடித்தால் கம்பெனியின் நல அலுவலர் பதவிக்கு விண்ணப்பிக்கலாம். மேற்பார்வையாளர்கள் நிரப்பும் விபத்துப் படிவங்களைச் சரிபார்த்து அனுப்புவது அந்த அலுவலர்தான்.

பாடப் புத்தகம் என்று கையில் எதுவும் தரமாட்டார்கள். எல்லாம் இணைய நூலகத்தில் இருந்தது. சேர்ந்த முதல் நாள், கணவன் குமரேசன் பக்கத்தில் நிற்க, லேப்டாப்பைத் திறந்தாள். பெயரை அடிக்கச் சொன்னது; ஒற்றை விரலால் அடித்தாள். ஒரு நூலைத் தேடச் சொன்னது. அம்புக்குறி எங்கே போனதென்று தேடவே அவளுக்கு நேரம் சரியாக இருந்தது. பத்து நிமிடம் இப்படி மல்லுக்கட்டிய பிறகு திரையில், 'வணக்கம் சுகுணா. நான் வாசகத் துணை. இனி நான் பார்த்துக்கொள்கிறேன்' என்று வந்தது. அதன் பிறகு அவள் எதையும் தேட வேண்டியிருக்கவில்லை. வேண்டியதை வாயால் சொன்னால் போதும், நூல் திறந்துகொள்ளும். லாரி ஓட்டுகிறவர்கள், நர்சுகள், சமையலுக்குப் போகிறவர்கள் என்று அவளோடு சேர்ந்தவர்கள் எல்லோருக்குமே இதுதான் கைகொடுத்தது. அதற்கு முந்தைய காலத்தில் தேடும் பக்கத்தைத் தாண்டத் தெரியாமலே பாதிக்கு மேற்பட்டவர்கள் படிப்பை விட்டுவிடுவார்களாம்.

வீட்டுக்கு வந்ததும் சுகுணா அந்த நூலைத் திறந்தாள். 112ஆம் பக்கம். முதல் பத்தியிலேயே இருந்தது அந்த வாக்கியம்: 'விபத்துகளில் பெரும்பாலானவை தொழிலாளியின் கவனக்குறைவால் நேர்ந்தவை.' அதை அவள் எப்படி மறப்பாள்? அதைப் படித்த அன்று அவளுக்கு எழுந்த கோபத்தில்தான் கட்டுரையே எழுதினாள். ஆசிரியர் சிதம்பரேசன் பெரிய அறிஞராக இருக்கலாம், ஆனால் இந்த இடத்தில் அவர் சொல்வது தவறு என்று நான்கு பக்கம் எழுதியிருந்தாள். எத்தனையாவது மணி நேரத்தில் கை தடுமாறுகிறது, படிவத்தை யார் நிரப்புகிறார்கள், சாட்சி போடுகிறவர்கள் அதைப் படிக்கிறார்களா என்று, பதினேழு வருடத்தில் கண்ணால் பார்த்ததையெல்லாம் எழுதியிருந்தாள்.

குமரேசன் திரையைப் போனில் படமெடுத்தான். அதை இணைத்து விளக்கம் அனுப்பினாள். மூன்றாம் நாள் பதில் வந்தது. படங்களை யாரும் எப்படியும் உருவாக்கிக்கொள்ளலாம். வரும் வெள்ளிக்கிழமைக்கு அடுத்த வெள்ளி கோயம்புத்தூரில் விசாரணைக்கு நேரில் வரவும்.

யாரிடம் சொல்வதென்று தெரியாமல் சபியாவைக் கூப்பிட்டாள். சபியா பல்லடத்தில் ஒரு மருத்துவமனையில் வரவேற்பில் உட்காருகிறவள், அதே படிப்பு, அதே ஆண்டு. நூலைத் திறந்து 112ஆம் பக்கத்தின் முதல் பத்தியைப் படிக்கச் சொன்னாள் சுகுணா. சபியா படித்தாள். 'விபத்துகளுக்குத் தொழிலாளியின் கவனக்குறைவும், நீண்ட வேலை நேரமும் காரணங்களாகச் சொல்லப்படுகின்றன.'

இன்னொரு முறை படிக்கச் சொன்னாள். அதேதான்.

ஞாயிற்றுக்கிழமை இருவரும் அவிநாசி சாலையில் இருந்த படிப்பு மையத்தில் சந்தித்தார்கள். இரண்டு லேப்டாப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்கள். அட்டை ஒன்று. அத்தியாயத் தலைப்பு ஒன்று. பக்க எண்ணும் ஒன்று. சுகுணா பனியனைப் பார்ப்பது போலவே பார்த்தாள். மேலிருந்து கீழே, பிறகு இடமிருந்து வலம், விரலை வைத்துக்கொண்டு. தன் பக்கத்தில் பத்தொன்பது வரி, சபியாவுக்கு இருபத்தேழு. தன்னிடம் இருந்த வாக்கியங்கள் எல்லாம் குட்டை குட்டையாக இருந்தன. சபியாவிடம் 'எனினும்', 'சிலர் கருத்தில்' என்று வந்த இடங்களில் தன்னிடம் எதுவுமே இல்லை. வேறுபாடுகளை ஒரு நோட்டில் குறித்துக்கொண்டே போனாள். இருபது பக்கத்துக்கு அறுபத்து நான்கு இடம்.

சபியாவுக்குப் பயம் வந்துவிட்டது. "அக்கா, அப்ப நாம இத்தனை நாளா என்னத்தைப் படிச்சோம்?" என்றாள்.

சுகுணாவுக்கும் அதுதான் தெரிய வேண்டியிருந்தது.

விசாரணை அறையில் மூன்று பேர் இருந்தார்கள். நடுவில் பதிவாளர். அவருக்கு வலப்பக்கம் பேராசிரியர் அறவாழி. மேற்கோள் பொய்யென்று கண்டுபிடித்தவர் அவர்தான். ஐம்பதைத் தாண்டியவர், மாணவர்கள் எழுதுவதில் ஒரு வரியைக்கூட விடாமல் படிக்கிறவர் என்று பெயர். இடப்பக்கம் நூலகக் கணினிப் பொறுப்பாளர் ரோஸ்லின், முப்பத்தைந்து வயதிருக்கும்.

சுகுணா நோட்டையும் லேப்டாப்பையும் மேஜையில் வைத்து, சபியா சம்மதித்து அனுப்பிய பக்கங்களையும் பக்கத்தில் வைத்தாள். அறவாழி இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். தன்னுடைய பிரதியில் இந்த இரண்டு வாக்கியமுமே இல்லை என்றார். அந்த இடத்தில் 'விபத்துகளுக்குக் காரணங்கள் பல' என்று மட்டும்தான் இருக்கிறது. அதை நான்கு முறை படித்துப் பார்த்துவிட்டுத்தான் அறிக்கை எழுதினேன் என்றார்.

ரோஸ்லின் தன் திரையில் எதையோ பார்த்துவிட்டு, பதிவாளரின் முகத்தைப் பார்த்தாள். அவர் சொல்லலாம் என்பது போலத் தலையசைத்தார்.

"மேடம், உங்களுக்கு வந்துக்கிட்டிருந்தது ஒண்ணாம் நிலைப் பிரதி" என்றாள்.

"நிலைன்னா என்னங்க?"

ரோஸ்லின் நிதானமாகச் சொன்னாள். வாசகத் துணை ஒவ்வொருவரும் கணினியை எப்படிக் கையாளுகிறார்கள் என்று பார்க்கும். எவ்வளவு வேகமாக அடிக்கிறார்கள், எங்கே தடுமாறுகிறார்கள், ஒரு பக்கத்தில் எவ்வளவு நேரம் நிற்கிறார்கள், எத்தனை முறை திரும்பிப் போகிறார்கள் என்று கணக்கிட்டு, ஒன்றிலிருந்து ஐந்து வரை ஒரு நிலை போடும். நிலைக்குத் தகுந்தபடி நூலை அந்தக் கணமே எளிமையாக்கி எழுதித் தரும். ஐந்தாம் நிலைக்கு மட்டும்தான் ஆசிரியர் எழுதியது எழுதியபடியே போகும்.

"எனக்கு டைப் அடிக்கத் தெரியாதுங்க, ஒத்துக்கறேன்" என்றாள் சுகுணா. "படிச்சாப் புரியாதுன்னு யாருங்க சொன்னது? எளிசாக் குடுங்கன்னு நான் கேட்டனா?"

"நீங்க கேட்கலை. நாங்களும் சொல்லலை" என்றாள் ரோஸ்லின். "ஆனா முன்னாடியெல்லாம் சேர்ற பத்துப் பேர்ல ஏழு பேர் முதல் மாசத்திலயே நின்னுடுவாங்க மேடம். இப்ப ரெண்டு பேர்தான் விட்டுட்டுப் போறாங்க. நீங்க மூணு வருஷத்துல ஒரு புத்தகத்தைக்கூடப் பாதியில மூடினதில்லை."

அது உண்மை. சுகுணா தன் நோட்டை மூடி வைத்தாள்.

"எங்க கம்பெனிக்கு ஒரு ஆர்டர் வந்தா, பையர் கையெழுத்துப் போட்ட சாம்பிள் பீஸ் ஒண்ணு சீல் வெச்சு எங்ககிட்ட இருக்குமுங்க. ஆயிரம் பீஸ் ஓடட்டும், சந்தேகம் வந்தா அதை எடுத்துத்தான் பார்ப்போம். இப்ப என்கிட்ட ஒண்ணு இருக்குது, சபியாகிட்ட ஒண்ணு, ஐயாகிட்ட ஒண்ணு. அந்த சாம்பிள் பீஸ் யாருகிட்டங்க இருக்குது?"

அறவாழி, அதில் என்ன சந்தேகம், ஆசிரியர்களுக்கு மூல நூல்தான் வரும் என்றார். ரோஸ்லின் தலையை நிமிர்த்தவில்லை.

"சார், உங்களோடது மூணாம் நிலை."

தான் முப்பது வருடமாகப் புத்தகத்தோடு வாழ்கிறவன் என்று அறவாழி மெல்லிய குரலில் சொன்னார். அச்சுப் பிரதி இருக்கிறதா என்று பதிவாளர் கேட்டார். அச்சு நூல்கள் எல்லாம் ஆறு வருடத்துக்கு முன்பே கட்டிக் கிடங்குக்குப் போய்விட்டன, எடுக்க வாரக்கணக்காகும் என்று பதில் வந்தது. ஐந்தாம் நிலையில் இந்த ஊரில் யார்தான் இருக்கிறார்கள் என்று பதிவாளர் எரிச்சலோடு கேட்டபோது, ரோஸ்லின் தயங்கித் தயங்கிச் சொன்னாள்.

"என்னோட கணக்கு இருக்கு சார். ஆனா நான் புத்தகம் படிக்கிறவ இல்லை. பக்கமெல்லாம் ஒழுங்காத் திறக்குதான்னு வேகமாத் திருப்பிப் பார்த்துட்டுப் போயிடுவேன்."

அவள் கணக்கில் நூலைத் திறந்து திரையை அவர்கள் பக்கம் திருப்பினாள். அறவாழி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வாய்விட்டுப் படித்தார்.

"'விபத்துகளில் பெரும்பாலானவை தொழிலாளியின் கவனக்குறைவால் நேர்ந்தவை' என்று ஆலைகளின் ஆவணங்கள் ஒரே குரலில் கூறுகின்றன. அந்த ஆவணங்களை நிரப்பியவர்கள் மேற்பார்வையாளர்கள் என்பதை நாம் மறக்கலாகாது. சாட்சியாகக் கையெழுத்திட்டவர்களில் பலர் தாம் எதில் கையெழுத்திடுகிறோம் என்று வாசித்ததே இல்லை."

அதன் பிறகும் இரண்டு பக்கம் போயிற்று. எந்த மணி நேரத்தில் எத்தனை விபத்து என்று ஒரு பட்டியல். பத்தாவது மணி நேரத்துக்குப் பிறகு எண்ணிக்கை எப்படி ஏறுகிறது என்று அதற்கு விளக்கம். ஒன்றாம் நிலைக்கு எளிமையாக்கும்போது மேற்கோள் குறிகளும் போயின, அவற்றுக்குப் பின்னால் வந்த மறுப்பும் போயிற்று. ஆலை சொன்ன பொய் மட்டும் ஆசிரியர் சொன்னதாக நின்றது. மூன்றாம் நிலையில் பொய், மறுப்பு இரண்டுமே போய்விட்டன.

அறவாழி சுகுணாவின் கட்டுரையை எடுத்துத் திரைக்குப் பக்கத்தில் பிடித்தார். வெகு நேரம் பார்த்தார்.

"இந்தப் பக்கத்தை நீங்க பார்த்ததே இல்லையா?"

"இல்லீங்க. இப்பத்தான் கேக்கறேன்."

"நீங்க எழுதினது பூரா இதுல இருக்கும்மா" என்றார் அவர். சுகுணா கைகளை மடியில் கோத்து வைத்துக்கொண்டாள். கண் கலங்கியது அவளுக்கே பிடிக்கவில்லை. சிதம்பரேசன் என்ற அந்த மனிதரோடு நான்கு பக்கம் சண்டை போட்டிருந்தாள். அவர் அவள் பக்கமே நின்றிருக்கிறார்.

அறவாழி கடைசியாக ஒன்று கேட்டார். தன்னை எதற்காக மூன்றில் வைத்தது என்று தெரிந்துகொள்ள வேண்டும் என்றார். ரோஸ்லின் எண்களைப் படித்தாள். "ஒரு பக்கத்துல சராசரியா ஆறு நிமிஷம் நிக்கறீங்க சார். அடிக்கடி பின்னாடி போறீங்க. படிச்ச பத்தியையே மறுபடி படிக்கறீங்க. உங்களுக்குப் புரியலைன்னு அது எடுத்துக்கிச்சு."

"நான் படிச்சுக்கிட்டிருந்தேன்" என்றார் அறவாழி.

குற்றச்சாட்டு 'தொழில்நுட்பக் காரணங்களால்' கைவிடப்படுவதாக அன்றே எழுதிக் கொடுத்தார்கள். பதிவாளர் தன்மையாகத்தான் பேசினார். எழுபதாயிரம் பேர் படிக்கிறார்கள். விஷயம் வெளியே போனால் ஏற்கெனவே வாங்கிய பட்டங்களையும் சந்தேகப்படுவார்கள். சரிசெய்து முடிக்கும்வரை இதைப் பற்றிப் பேசமாட்டேன் என்று ஒரு தாளில் கையெழுத்துப் போட்டுத் தந்தால் நல்லது. சுகுணா தாளை வாங்கி முழுவதும் படித்தாள். பிறகு பேனாவைத் தொடாமல் திருப்பி வைத்தாள்.

"படிக்காம ஒரு கையெழுத்துப் போட்டேனுங்க, அது போதும். இதைப் படிச்சுட்டேன். இதுல போட முடியாதுங்க."

அன்று மாலை வகுப்புக் குழுவுக்குச் செய்தி அனுப்பினாள். புகார், குற்றச்சாட்டு என்று எதையும் எழுதவில்லை. எல்லோரும் அந்த நூலின் 112ஆம் பக்கத்தைத் திறந்து முதல் பத்தியைப் படித்துக் குரல்பதிவு போடுங்கள் என்று மட்டும் கேட்டாள். நாற்பத்து மூன்று குரல்கள் வந்தன, ஒரே பத்தி பல விதமாக. யாரும் யாரையும் விளக்கச் சொல்லவில்லை. கேட்டால் போதுமாயிருந்தது.

இரண்டு வாரத்தில் சுற்றறிக்கை வந்தது. இனி ஒவ்வொருவருடைய நிலையும் திரையின் மூலையில் தெரியும். மாற்ற விரும்புகிறவர்கள் இரண்டு நாள் கணினிப் பயிற்சிக்கு வந்து, தேர்வில் தேறினால் உயர்த்திக்கொள்ளலாம். தேர்வை நடத்தப்போவதும் அதே வாசகத் துணைதான்.

பெரும்பாலோர் விண்ணப்பிக்கவில்லை. ஜூனில் பரீட்சை இருக்கிறது, இப்போதைக்கு இரண்டாம் நிலையே போதும் என்று சபியாவே சொல்லிவிட்டாள். மருத்துவமனையில் எட்டு மணி நேரம் உட்கார்ந்துவிட்டு, இரண்டு பிள்ளைகளுக்கும் சமைத்துவிட்டுப் படிக்கிறவளை சுகுணா என்ன சொல்ல முடியும்?

இதற்கிடையில் கட்டுரை திருத்தப்படாமல் கிடந்தது. நூலைப் படிக்காமல் மதிப்பெண் போட முடியாது, கிடங்கிலிருந்து அச்சுப் பிரதி வரட்டும் என்று அறவாழி எழுதியிருந்தார். ஐந்து வாரம் கழித்து மதிப்பெண் வந்தது. அறுபத்தொன்று. கூடவே ஒன்றரைப் பக்கத்துக்குக் குறிப்பு. மூன்றாம் பக்கத்தில் அவள் சொல்வது பின்னலாடைக்குப் பொருந்தும், நெசவாலைக்குப் பொருந்தாது. மேற்பார்வையாளர்கள் எல்லோரையும் ஒரே தட்டில் வைத்திருப்பது சரியில்லை. சிதம்பரேசனே 118ஆம் பக்கத்தில் அதை ஒப்புக்கொள்கிறார், அச்சுப் பிரதியின் நகலை இணைத்திருக்கிறேன், படித்துவிட்டுப் பதில் எழுதவும். கூடுதலாகப் பத்து மதிப்பெண் போட்டிருக்கலாம் என்று குமரேசனுக்குக் கோபம். சுகுணாவுக்கு அந்தக் குறிப்பு பிடித்திருந்தது. அவரும் அவளும் இப்போது ஒரே புத்தகத்தைப் பற்றிச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

கணினிப் பயிற்சிக்குத் திருப்பூரில் பதினோரு பேர் வந்தார்கள். சொல்லிக் கொடுத்தவள் ரோஸ்லின். கோப்புகளைத் திறப்பது, தேடுவது, தமிழில் இரண்டு கையாலும் அடிப்பது என்று இரண்டு நாளும் பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தாள். சுகுணாவுக்கு ஆறு விரல்கள்வரை பழகிவிட்டன. ஆனாலும் தேர்வில் இரண்டாம் நிலைக்கு மேல் வரவில்லை. படித்ததைத் திரும்பப் படிக்கும் பழக்கத்தை அவளால் விட முடியவில்லை.

எல்லோரும் கிளம்பும்போது ரோஸ்லின் வயர்களைச் சுருட்டிக்கொண்டே அவள் பக்கத்தில் வந்து நின்றாள்.

"மேடம், புத்தகத்தைத் திறந்ததும் படிக்காதீங்க" என்றாள் தாழ்ந்த குரலில். "பக்கத்தைத் திருப்பிக்கிட்டே போங்க. எங்கயும் நிக்காதீங்க, பின்னாடி வராதீங்க. கடைசிப் பக்கம் வரைக்கும் போயிட்டீங்கன்னா நிலை ஏறிடும். அப்புறம் அது ஒரு மாசத்துக்கு உங்களை அளக்காது."

"படிக்காம இருந்தாத்தான் முழுப் புத்தகம் குடுக்குமுங்களா?"

"நான் எழுதின புரோகிராம் இல்லை மேடம்" என்றாள் ரோஸ்லின்.

அந்த விஷயம் சுகுணாவிடமிருந்து பத்துப் பேருக்குப் போயிற்று, பத்திலிருந்து நூறுக்கு. பரீட்சை முடிந்த பிறகு சபியாவும் கேட்டுத் தெரிந்துகொண்டாள். அடுத்த ஆண்டு பல்கலைக்கழகத்தின் ஆண்டறிக்கை வெளியானபோது, கணினிப் பயிற்சியின் பலனாகக் கற்போரின் வாசிப்புத் திறன் ஒரே ஆண்டில் மும்மடங்கு உயர்ந்திருப்பதாக அதில் ஒரு வண்ண வரைபடம் போட்டிருந்தார்கள்.

அந்த மாதத்தின் முதல் ஞாயிறு, நிலையை மறுபடி ஏற்றிக்கொள்ள வேண்டிய நாள். படிப்பு மையத்தில் முப்பது பேருக்கு மேல் உட்கார்ந்திருந்தார்கள். புதிதாகச் சேர்ந்தவர்களும் இருந்தார்கள். எல்லோரும் திரையைப் பார்க்காமலே பக்கங்களைத் தள்ளிக்கொண்டிருந்தார்கள், பொத்தான்களின் சத்தம் மட்டும் மழைத் தூறலாகக் கேட்டது. சுகுணா முந்நூற்றுப் பன்னிரண்டு பக்க நூல் ஒன்றை நான்கு நிமிடத்தில் தள்ளி முடித்தாள். மூலையில் ஐந்து என்று எரிந்தது. நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு, முதல் பக்கத்துக்குத் திரும்பி வந்து, வரியின் மேல் விரலை வைத்தாள்.